தொட்டிலில் ராஜா, மேசையைச் சுற்றிச் சித்தப்பாக்கள்: ஒரு போர்டு கேம் விமர்சனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த விளையாட்டுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. தம்பி மகனின் சிநேகிதர்கள் நாலு பேர் சேர்ந்து உருவாக்கி, கடைக்குப் போகுமுன் ஆடிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று தெரிந்தவர்களுக்கு மட்டும் சில பெட்டிகள் கொடுத்திருக்கிறார்கள். மூடியில் படம்கூடக் கிடையாது. வெள்ளைத் தாளில் பேனாவால் 1422 என்று எழுதி ஒட்டியிருக்கிறது.

"அத்தை, இது உங்களுக்குத்தான் சரியா வரும். முழுக்க முழுக்க கமிட்டி மீட்டிங்" என்று சொல்லித்தான் அவன் கொண்டுவந்தான். கிண்டல்தான். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்தொரு வருஷம் மினிட்ஸ் புத்தகம் எழுதி ஓய்வு பெற்றவள் நான். கோரம் (குறைந்தபட்சம் இருக்க வேண்டிய ஆள் கணக்கு) இல்லாமல் தீர்மானம் போட்டவர்களையும், போட்ட தீர்மானத்தை மறுநாளே "நான் எங்கே ஒப்புக்கொண்டேன்?" என்று கேட்டவர்களையும் போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்தாயிற்று. அதனாலேயே இந்தப் பெட்டியை மூன்று ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து ஆடினேன். நானும் தம்பி மகனும் என் மகளும் என் வீட்டுக்காரரும்.

கதை இதுதான். இங்கிலாந்தின் ஐந்தாம் ஹென்றி, பிரான்சில் படை நடத்திக்கொண்டிருந்தவன், 1422 ஆகஸ்ட் 31 அன்று பாரிசுக்கு அருகே வின்சேன் கோட்டையில் நோயில் இறந்துபோகிறான். பிள்ளை விண்ட்சரில் தொட்டிலில். ஒன்பது மாதம்கூட நிறையவில்லை. போதாக்குறைக்கு அக்டோபரில் பிரான்சின் ஆறாம் சார்ல்ஸும் இறந்துவிட, 1420-ல் ட்ருவா நகரில் போட்ட உடன்படிக்கையின்படி அந்த நாட்டுக்கும் இதே குழந்தைதான் ராஜா. இரண்டு மகுடம், பல் முளைக்கும் வயது. நம் பக்கத்தில் இளம் வயதில் பட்டமேறி, காலில் கிண்கிணியைக் கழற்றிவிட்டுக் கழல் கட்டிக்கொண்டு போருக்குப் போன பாண்டியனைப் பாடியிருக்கிறார்கள். அவனாவது தேரில் ஏறி நின்றான். இவனைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

இனி மேசை. ஒவ்வொருவரும் ஆட்சிக்குழுவின் ஓர் உறுப்பினர். குழந்தையின் சித்தப்பா க்ளாஸ்டர் டியூக் ஹம்ப்ரி, வின்செஸ்டர் பிஷப் ஹென்றி பியூஃபோர்ட், இன்னொரு சித்தப்பா பெட்ஃபோர்ட் டியூக் ஜான், வாரிக் பிரபு ரிச்சர்ட் பீச்சம் என்று நாலு பேர். பியூஃபோர்ட் இந்த அண்ணன் தம்பி இருவரின் அப்பாவுக்கு வேறு தாய் வயிற்றுத் தம்பி. ஆக ஹம்ப்ரிக்கு அவர் சித்தப்பா முறை, குழந்தைக்குச் சின்னத் தாத்தா. சொத்துத் தகராறு பார்த்த எவருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நிஜக் குழுவில் 1422 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அறிவித்த பட்டியல்படி 17 பேர். மற்றவர்கள் எல்லாம் சீட்டுகளாக வருகிறார்கள். அவர்களை உங்கள் பக்கம் இழுக்க வேண்டும். 15 சுற்று, சுற்றுக்கு ஒரு வருஷம், 1437-ல் முடிகிறது.

என்னைக் கட்டிப்போட்டது ஆணை போடும் விதி. உங்கள் முறை வந்ததும் நீங்கள் பாட்டுக்கு எதையும் செய்துவிட முடியாது. ஒரு தீர்மானச் சீட்டை நடுவில் வைக்க வேண்டும், குறைந்தது நாலு பேர் ஒப்பம் வேண்டும், ஒப்பமிட்டவர்களின் நிற வில்லைகள் அந்தச் சீட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும், ஆட்டம் முடியும் வரை எடுக்கக் கூடாது. வில்லை வைக்காதவர் பெயர் அதில் இல்லை. இது கற்பனை என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. 1422-ல் அந்தக் குழு தனக்குத் தானே போட்டுக்கொண்ட விதிகளிலேயே இது இருக்கிறது. அதிகாரிகளைத் தவிர்த்து ஆறு பேர், குறைந்தது நாலு பேர் இருந்தால்தான் எதையும் முடிக்கலாம். பெரிய விஷயம் என்றால் எல்லோரும், அல்லது பெரும்பாலோர். அப்புறம், குழுவின் எழுத்தர் தினமும் வந்திருந்த பிரபுக்களின் பெயரை எழுதிவைக்க வேண்டும். என்ன முடிவானது, எப்படி, யாரால் என்பது பின்னால் தெரிய வேண்டுமாம். அறுநூறு வருஷத்துக்கு முன்னால் என் வேலையை ஒருவர் பார்த்திருக்கிறார்! இன்னொரு விதியும் அந்தக் குழுவில் இருந்தது. வழக்கு மனுக்கள் வரும் நாளில் எழுத்தர் எது பரம ஏழையின் மனு என்று பார்த்து அதை முதலில் படிக்க வைக்க வேண்டும். அது எவ்வளவு நாள் நடைமுறையில் இருந்தது என்பது வேறு கதை, ஆனால் எழுதி வைக்கத் தோன்றியதே. விளையாட்டில் இதற்கு ஒரு சீட்டு இல்லை. சேர்க்கலாம்.

பிரிட்டிஷ் வரலாறு பள்ளிக்கூடத்தில் வேண்டாவெறுப்பாகப் படித்த எனக்கு, ராஜா சின்னப் பையன் என்றால் நெருங்கிய உறவுக்காரர் ஒருவர் அரியணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆள்வார் என்ற நினைப்புதான். ஹம்ப்ரியும் அப்படித்தான் நினைத்தார். செத்துப்போன அண்ணன் உயிலில் குழந்தையின் பாதுகாப்பைத் தன்னிடம் விட்டிருக்கிறான், ஆகவே நாடும் என் பொறுப்பு என்று வாதாடினார். பிரபுக்கள் மசியவில்லை. ராஜ்யத்தை உயிலில் எழுதி வைக்க அது என்ன தோப்பா துரவா என்கிற தோரணையில் மறுத்துவிட்டு, "காப்பாளர்" என்ற பட்டத்தை மட்டும் கொடுத்தார்கள். நாட்டைப் பகையிலிருந்து காப்பது, குழுவில் முதல் ஆளாக இருப்பது, அவ்வளவே. அதுவும் அண்ணன் பெட்ஃபோர்ட் இங்கிலாந்தில் காலடி வைத்தால் அண்ணனுக்குப் போய்விடும். அவராகத் தனித்து நியமிக்க முடிந்தது காட்டுக் காவலர், பூங்காக் காவலர், சிறிய வருமானமுள்ள சில கோயில் பதவிகள். மாவட்ட அதிகாரி, நீதிபதி, சுங்க வசூல்காரர் எல்லாம் குழு கையில்.

விளையாட்டில் ஹம்ப்ரியை எடுத்தவர் என் வீட்டுக்காரர். அவர் கையில் வந்த நியமனச் சீட்டுகளைப் பார்த்ததும் "என்னடி இது, டியூக் என்றார்கள், முயல் காட்டுக்கு வாட்ச்மேன் போடுகிற அதிகாரம்தான் இருக்கு" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே உருவாக்கியவர்களைப் பாராட்டலாம். ஹம்ப்ரியின் எரிச்சல் எங்கிருந்து வந்தது என்று பத்துப் பக்கம் படித்தாலும் அப்படிப் புரிந்திருக்காது.

பியூஃபோர்ட் என் மகள். பிஷப்பிடம் பணம் இருக்கிறது, அரசாங்கத்திடம் இல்லை. பிரான்சுப் போர் காசைத் தின்றுகொண்டே இருக்கும், நாலாவது சுற்றுக்குள் கஜானா காலி. அப்போது எல்லோரும் பிஷப்பின் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் கடன் கொடுப்பார், சுங்க வரியையும் அரச நகைகளையும் ஈடாக வாங்கிக்கொள்வார். நிஜத்திலும் அப்படியேதான். அவருடைய கடன் இல்லாமல் பல வருஷம் படை கிளம்பியே இருக்காது. என் மகள் ஒரு தீர்மானத்திலும் வாய் திறந்து சண்டை போடவில்லை. பணப்பையை மேசை மேல் வைத்துவிட்டுச் சும்மா இருந்தாள். மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயித்தாள்.

ஆறாவது சுற்றுக்குள் ஏதாவது ஒரு கட்டத்தில் "பாலம்" என்ற சீட்டு வந்தே தீரும் என்று அமைத்திருக்கிறார்கள். 1425 அக்டோபர் 30. லண்டன் பாலத்தின் தென்முனையில் பிஷப்பின் ஆட்கள் சங்கிலி கட்டி வழி மறிக்கிறார்கள், ஜன்னல்களில் வில்லாளிகள். மறுமுனையில் ஹம்ப்ரிக்காக லண்டன்வாசிகள் கடையை மூடிவிட்டு ஓடி வருகிறார்கள். கேன்டர்பரி ஆர்ச்பிஷப்பும், விருந்தாளியாக வந்திருந்த போர்ச்சுகல் இளவரசர் பெட்ரோவும் இரண்டு பக்கத்துக்கும் நடுவே அன்று எட்டுத் தடவை குதிரையில் போய்வந்து சமாதானம் செய்ததாகச் சொல்கிறார்கள். மறுநாளே பிஷப் பிரான்சிலிருந்த பெட்ஃபோர்டுக்கு உடனே கிளம்பி வாருங்கள் என்று கடிதம் எழுதினார். சித்தப்பனும் அண்ணன் மகனும் அடித்துக்கொள்ள, ராஜாவுக்கு அப்போது நாலு வயது ஆகவில்லை.

அடுத்த பிப்ரவரியில் லெஸ்டரில் நாடாளுமன்றம். வாள் கொண்டுவரக் கூடாது என்று உத்தரவு. ஆட்கள் தடிகளைக் கொண்டுவந்தார்கள். அதற்கும் தடை வந்ததும் சட்டைக்குள்ளும் கைமடிப்பிலும் கல்லை வைத்துக்கொண்டு வந்தார்கள். இதை விளையாட்டில் மூன்று அடுக்குச் சீட்டாக வைத்திருக்கிறார்கள்: வாள் சீட்டைத் தடை செய்தால் தடிச் சீட்டு இறங்கும், அதைத் தடை செய்தால் கல். சங்கப் பொதுக்குழுவில் மைக்கைப் பிடுங்கினால் மேசையைத் தட்டுவார்கள், மேசையை நகர்த்தினால் காலைத் தட்டுவார்கள். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சரி, ராஜா எங்கே? மூன்று மரக் காய்கள்: தொட்டில், பையன், முடி சூடிய இளைஞன். 1429-ல், அதாவது வெஸ்ட்மின்ஸ்டரில் ஏழு வயதில் முடிசூட்டு நடக்கும் சுற்றில், தொட்டிலை எடுத்துவிட்டுப் பையனை வைப்பீர்கள். அதோடு காப்பாளர் பதவியும் முடிந்தது. ஹம்ப்ரிக்கு அந்தச் சுற்று மண்டையில் அடி. இது சரித்திரப்படி சரி. முடிசூடிய ராஜாவுக்குக் காப்பாளர் எதற்கு என்று பதவியை நிஜத்திலும் முடித்துவிட்டார்கள். தொட்டில் காய் மட்டும் இரண்டாவது ஞாயிறே ஒரு கால் உடைந்துவிட்டது. அடியில் பசை போதவில்லை. சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

பெட்டியிலேயே எனக்குப் பிடித்த சீட்டு "ஸ்டேன்ஸ்". 1423 நவம்பரில் நாடாளுமன்றத்துக்குக் குழந்தையைக் காட்ட விண்ட்சரிலிருந்து அம்மா கூட்டிக்கொண்டு கிளம்புகிறாள். வழியில் ஸ்டேன்ஸில் இரவுத் தங்கல். மறுநாள் ஞாயிறு, வண்டிக்குத் தூக்கிக்கொண்டு போனால் வீறிட்டு அழுகிறான், துள்ளுகிறான், ஏறவே மாட்டேன் என்கிறான். தூக்கிக்கொண்டு விடுதிக்கே திரும்பிவிட்டார்கள். திங்கட்கிழமை காலையில் சிரித்த முகமாக வண்டியில் ஏறிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை பயணம் கூடாது என்று பிள்ளைக்கே தெரிந்திருக்கிறது பார் என்று பின்னால் பக்திக்கதை ஆக்கியிருப்பார்கள். வளர்த்தவர்களுக்குத் தெரியும், இரண்டு வயசுப் பிள்ளைக்கு எந்தக் கிழமையும் ஒன்றுதான். இந்தச் சீட்டு வந்தால் அந்தச் சுற்றில் யாரும் எதுவும் செய்ய முடியாது. நீங்கள் எட்டு வில்லை சேர்த்து, பிஷப்பிடம் கெஞ்சிக் கடன் வாங்கி, எல்லாம் தயாராக வைத்திருப்பீர்கள், குழந்தை அழும், ஆட்டம் நிற்கும். முழு விளையாட்டிலும் ராஜா ஒரு ஆளாகத் தெரிவது இந்த ஓர் இடத்தில்தான்.

இங்கேதான் என் பெரிய குறை. அந்த வண்டியில் குழந்தையோடு இருந்த அம்மாவுக்கு ஒரு காய் இல்லை, ஒரு சீட்டு இல்லை. வலுவாவின் கேத்தரின், பிரெஞ்சு ராஜாவின் மகள், இருபது வயதில் விதவை. குழுவில் அவளுக்கு இடம் கொடுக்கவில்லை என்பது நிஜம், ஆனால் அவளைப் பற்றிக் கவலைப்படாமலும் இல்லை. 1427-28 நாடாளுமன்றம் ஒரு சட்டமே போட்டது. ராணித்தாயை மணக்க விரும்புகிறவர் ராஜாவின் சம்மதம் பெற வேண்டும், அந்தச் சம்மதத்தை ராஜா விவரம் தெரிந்த வயது வந்த பிறகுதான் கொடுக்க முடியும். ராஜாவுக்கு அப்போது ஆறு வயது. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அவள் சட்டத்துக்குக் காத்திருக்கவில்லை. வேல்ஸ்காரர் ஓவன் டியூடரை ரகசியமாக மணந்து பிள்ளைகளும் பெற்றாள். 1485-ல் முடி சூடிய ஏழாம் ஹென்றி அவளுடைய பேரன். பதினேழு பேர் பதினைந்து வருஷம் காவல் காத்த வம்சத்தை விட்டுவிட்டு, அவர்கள் கணக்கிலேயே சேர்க்காதவளின் வம்சம் அரியணை ஏறியிருக்கிறது. இவ்வளவு கதையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சீட்டுக்கூடப் போடாததற்குத் தம்பி மகன் சொன்ன காரணம், "அவங்களுக்கு ஓட்டு இல்லையே அத்தை." ஓட்டு இல்லாதவர்கள் வீட்டில் எதையும் நடத்தியதே இல்லையா என்று கேட்டேன். அவன் என் மகளைப் பார்த்தான். அவள் பணப்பையைப் பார்த்தாள்.

வேறு குறைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் இரண்டு மணி நேரம் என்று போட்டிருக்கிறது, எங்களுக்கு நாலரை மணி ஆனது. பெட்ஃபோர்டை எடுத்தவர் பாதி ஆட்டம் பிரான்சில் தனியாகப் பகடை உருட்டிக்கொண்டிருக்க வேண்டும். முதல் ஞாயிறு அது நான்தான். போர்ப் பகுதியைச் சுருக்கினால் நல்லது. விதிப்புத்தகத்தில் எழுத்து பொடி. "கூடுதல் கதைகள்" என்று கடைசியில் இரண்டு பக்கம் வருகிறது: 1216-ல் ஒன்பது வயதில் பட்டமேறிய மூன்றாம் ஹென்றி, 1377-ல் பத்து வயதில் பட்டமேறிய இரண்டாம் ரிச்சர்ட். ரிச்சர்டின் பகுதி வெறும் வரிச் சண்டை, இன்னும் வேகவில்லை. மூன்றாம் ஹென்றிக்கு எழுபதை எட்டிய வில்லியம் மார்ஷல் ஒருவரே பொறுப்பு, ஆகவே அது கமிட்டி ஆட்டமே அல்ல. ஆனால் அதில் ஒரு நல்ல விதி இருக்கிறது. பையனுக்கு வயது வரும்வரை எதையும் நிரந்தரமாக எழுதிக் கொடுக்கக் கூடாது. 1218-ல் அவனுக்குப் புது முத்திரை செய்தபோது நிஜமாகவே போட்ட நிபந்தனை இது. அதை 1422 ஆட்டத்துக்கும் கொண்டுவரலாம்.

ஏனென்றால் இந்த விளையாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது: பிள்ளை ஒருநாள் வளர்ந்துவிடும். மேசையில் இருக்கிற எல்லோருக்கும் வயிற்றில் புளியைக் கரைப்பது அதுதான். பழைய கதைகளில் நாம் எதிர்பார்ப்பது குழந்தையைக் கொன்றுவிட்டு ஆட்சியைப் பிடிக்கிற சித்தப்பா. இங்கே நடந்தது வேறு. ஒவ்வொருவரும் பின்னால் கேள்வி வந்தால் காட்டுவதற்குக் காகிதம் சேர்க்கிறார்கள். 1424-ல் ஆலிஸ் பட்லர் என்கிற சீமாட்டியைக் குழந்தைக்கு நல்ல பழக்கம் கற்பிக்க நியமித்தார்கள். ராஜாவின் பெயரில் வந்த உத்தரவிலேயே, தேவைப்படும்போது அளவோடு கண்டித்துத் தண்டிக்கலாம், அதற்காகப் பின்னால் அவருக்கு ஒரு தீங்கும் வராது என்று உறுதி கொடுத்திருக்கிறது. ராஜாவுக்கு இரண்டு வயது. தன்னை அடிக்கத் தானே அனுமதி! பின்னால் வளர்ப்புப் பொறுப்புக்கு வந்த வாரிக் பிரபு, பையனுக்குப் பதினோரு வயது நெருங்குகையில், 1432-ல், குழுவுக்கு மனு போடுகிறார். ராஜா வளர்கிறார், தன் அதிகாரம் என்ன என்று தெரிந்துகொள்கிறார், கண்டித்தால் முறைக்கிறார், ஆகவே நீங்கள் எல்லோரும் நேரில் வந்து, நான் செய்வது உங்கள் சம்மதத்தோடு என்று அவரிடமே சொல்லிவிடுங்கள் என்று. எத்தனை ஜாக்கிரதை!

ஹம்ப்ரி ஒருவர்தான் இந்தப் பயத்தை வேறு மாதிரி பயன்படுத்தினார். நான் செய்ததற்கு ராஜா வயதுக்கு வந்த பிறகு அவருக்கு மட்டும் பதில் சொல்வேன், உங்களுக்கு இல்லை என்றார். குழுவோ 1427 ஜனவரியில் அண்ணன் தம்பி இருவரிடமும், ராஜாவுக்கு வயது வரும்வரை அதிகாரம் எந்தத் தனி ஆளுக்கும் இல்லை, குழுவுக்கு மொத்தமாகத்தான் என்று நேரடியாகச் சொல்லி ஒப்புதல் வாங்கியது. பெட்ஃபோர்ட் வேதப் புத்தகத்தின் மேல் சத்தியமே செய்தார்.

இந்தப் பயத்தை விளையாட்டில் கடைசிச் சுற்றாக்கியிருக்கிறார்கள். 1437. இளைஞன் காய் மேசைக்கு வருகிறது. சேர்த்துவைத்த தீர்மானங்களிலிருந்து ஐந்தைக் குலுக்கி எடுத்துத் திருப்புவார்கள். எது நாட்டுக்கு நஷ்டமோ, அதில் வில்லை வைத்தவர்கள் புள்ளி இழப்பார்கள். நாலரை மணி நேரத்துக்கு முன் "சும்மா ஒரு கையெழுத்துத்தானே, போடுங்களேன்" என்று கெஞ்சி வாங்கிய சீட்டு அப்போது திரும்பும். என் வீட்டுக்காரர் முகத்தை அந்த நேரம் பார்த்திருக்க வேண்டும். ஆறு சீட்டில் படிக்காமலே வில்லை வைத்திருந்தார். முப்பது வருஷமாகத் தலைவர்களிடம் நான் சொன்னதைத்தான் அவரிடமும் சொன்னேன்: படித்துவிட்டுப் போடுங்கள்.

வாங்கலாமா என்றால், நாலு பேர் பொறுமையாக உட்காருகிற வீடு என்றால் வாங்கலாம். பகடை உருட்டி ஓடுகிற ஆட்டம் வேண்டும் என்கிறவர்களுக்கு இது ஒத்துவராது.

ஆனால் முடிவை மாற்றச் சொல்லி எழுதியிருக்கிறேன். வளர்ந்த ராஜா யாரையும் நிற்கவைத்துக் கணக்குக் கேட்கவில்லை என்பதுதான் நிஜம். ஆறாம் ஹென்றி கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். 1438 பிப்ரவரியில் குழுவின் குறிப்பேட்டில் இரண்டு நினைவூட்டல் இருக்கிறது. மன்னிப்பு வழங்கும்போது கவனமாக இருக்கும்படி ராஜாவிடம் சொல்ல வேண்டும், ஒரு சுங்க அதிகாரிக்குக் கொடுத்த மன்னிப்பில் ராஜாவுக்கு 2,000 மார்க் (அந்தக் காலப் பணக் கணக்கு) நஷ்டம். அடுத்தது, சர்க் கோட்டைப் பொறுப்பை ஒருவருக்குத் தூக்கிக் கொடுத்ததில் 1,000 மார்க் நஷ்டம், அதையும் சொல்ல வேண்டும். பதினைந்து வருஷம் காசுக்குக் காசு கணக்கு எழுதிய அலுவலகத்தில் உட்கார்ந்து அந்த எழுத்தர் எழுதியிருக்கிறார்.

அந்தக் குறிப்பை ஒரு வெற்றுச் சீட்டில் நானே எழுதி, தொட்டிலின் உடைந்த காலோடு சேர்த்துக் கவரில் போட்டுப் பெட்டிக்குள் வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன்.